அரிசிப் பைக்கு மூன்று மதிப்பெண், நாற்பது பக்க நோட்டுக்கு ஒன்பது

காரைக்குடியைச் சுற்றி, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் வரைக்கும், வசதியில்லாமல் தனியாக இருக்கும் வயதானவர்களை வாரம் ஒருமுறை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் தன்னார்வக் குழு ஒன்றின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. அவர்களுக்குப் பலகை கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் பெயரும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ஒரு எலக்ட்ரீசியன், மருந்துக் கடையில் வேலை பார்த்த ஓர் அம்மா என்று கலவையான கூட்டம். காசு வாங்குவதில்லை. மாதம் ஒரு மளிகைப் பை, வாரம் ஒரு வருகை, ஆபீஸ் அலைச்சலுக்குத் துணை, வீட்டுக்குள் சின்னச் சின்ன ரிப்பேர், இவ்வளவுதான் சேவை. நான்கையும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டால் நியாயமாக இருக்காது. ஊர் முழுக்கப் பேசப்படும் பைதான் நான்கிலும் சுமாரானது.

முதலில் யாருக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டில் ஏழை முதியவரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டுக்குக் காவலாக முகப்பிலேயே படுத்து எழும் தம்பதி, கல்யாண வீடுகளில் அடுப்படி வேலை பார்த்து இடுப்பு போனவர்கள், ஆத்தங்குடியில் கல் போட்ட கைகள், பனையோலைக் கொட்டான் பின்னிக் கண் மங்கியவர்கள், கண்மாய் வறண்டபின் நூறு நாள் வேலைக்குப் போய் இப்போது அதுவும் முடியாதவர்கள். இவர்கள் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம். தெரியாத கூட்டம் ஒன்று உண்டு. பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வளவு வீட்டில் எட்டில் ஒரு பங்கு, அதில் ஓர் அறை, மேலே ஒழுகும் நாட்டு ஓடு, கீழே பளபளவென்று பூக்கல் தரை. பங்கை விற்க முடியாது, மற்ற ஏழு பங்காளிகள் ஏழு ஊரில். தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு அது மாளிகை. உள்ளே இருக்கும் ஆச்சி ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோரோடு முடித்துக்கொள்கிறார். இந்தக் குழு இந்த இரண்டாவது கூட்டத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

பை

பையில் இருப்பது: அரிசி 5 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, கோதுமை மாவு 1 கிலோ, ரவை அரை கிலோ, உப்பு 1 கிலோ, மிளகாய்த்தூள், மல்லித்தூள், டீத்தூள், இரண்டு சோப்பு. மொத்தம் 11 கிலோவுக்குப் பக்கத்தில். பார்க்க நிறைவாக இருக்கும், படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கிறது.

தனியாக இருக்கும் ஒரு வயதானவர் நாளைக்கு 200 கிராம் அரிசிக்கு மேல் பொங்குவதில்லை. மாதம் 6 கிலோ. அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அதே கடையிலேயே கிடைக்கிறது. அப்புறம் பையில் எதற்கு மறுபடி அரிசி? புதுவயல் பக்கத்தில் இருக்கிறது, அங்கே ஆலைகள் இருக்கின்றன, அரிசி மூட்டை கொடுக்க ஆள் இருக்கிறது. கொடுக்கிறவர் கையில் எளிதாகக் கிடைப்பதுதான் பைக்குள் போகிறது. வாங்குகிறவர் அடுப்படியில் எது குறைகிறது என்று பார்த்துப் போட்டதல்ல.

குறைவது புரதம். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும். சோறும் ரசமும் ஊறுகாயும் சாப்பிட்டால் அதில் பாதிகூட வராது. பொட்டுக்கடலை 50 கிராமில் ஏறக்குறைய 10 கிராம், பாசிப்பயறு 50 கிராமில் 12, ஒரு முட்டையில் 6. பல் இல்லாதவருக்குப் பொட்டுக்கடலையைப் பொடித்துக் கொடுத்தால் கஞ்சியில் கரைத்துக் குடிப்பார், சோற்றில் போட்டுப் பிசைந்துகொள்வார். ஆகவே அரிசி, சர்க்கரை, கோதுமை மாவு மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாசிப்பயறு 1 கிலோ, பொட்டுக்கடலைப் பொடி 1 கிலோ, அவல் அரை கிலோ, சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் பால் பவுடர் அரை கிலோ, வாரா வாரம் வரும்போது ஏழு முட்டை என்று மாற்றினால் பை இளைக்கும், ஆள் தேறுவார். கோதுமை மாவைப் பற்றி ஒரு வார்த்தை: தனியாக இருக்கிற எண்பது வயது ஆச்சி உட்கார்ந்து சப்பாத்தி தேய்க்க மாட்டார். மூன்றாம் மாதம் வண்டு பிடித்துக் கோழிக்குப் போகும்.

உப்பு 1 கிலோவும் தேவையில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும் வீட்டில் உப்பு எங்கிருந்து ஏறுகிறது என்றால் ஊறுகாய், வத்தல், அப்பளம், கருவாடு. காய்கறி இல்லாத வீட்டில் தொட்டுக்கொள்ள இவைதான் இருக்கும். "ஊறுகாயை விடுங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு வருவதில் பிரயோசனமில்லை. பதிலுக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டுபோனால் மசியல் ஆகும்.

கட்டும் விதத்திலும் குறை உண்டு. 11 கிலோவை ஒரே சாக்கில் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி முகப்பில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மூட்டு வீங்கிய விரலால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, தூக்கி உள்ளே வைக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை சாக்கு அங்கேயே கிடக்கும், எறும்பு ஏறும். எல்லாவற்றையும் அரை அரை கிலோவாகக் கட்டி, எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டி வாய் அகன்ற புட்டியில் ஊற்றி, அடுப்படித் தட்டில் இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை அவர்கள் இன்னும் பழகவில்லை.

வெயில் காலத்தில் மட்டும் நான்கு பாக்கெட் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி சேர்த்துக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. கொடுக்கும்போது அளவைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் உடம்புக்குக் கெடுதல். பாதியைக் கிழித்துப் பாதியை மடித்து வைப்பதும் கூடாது. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கையோடு கொடுத்து, முழுப் பாக்கெட்டையும் அதில் போட வைத்து, ஒரே நாளில் குடித்து முடிக்கச் சொல்ல வேண்டும். மீந்தால் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகம், இருதயம் பழுதுள்ளவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அவர்கள் பட்டியலில் இதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

நோட்டு

ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. இந்தச் சேவையின் உயிர் அதில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் கூப்பிடும் பெயர், ஆதாரில் உள்ள பெயர், மகன் அல்லது மகளின் எண், பக்கத்து வீட்டு எண், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, ரேஷன் அட்டை வகை, உதவித்தொகை எந்த வங்கிக் கிளைக்கு வருகிறது என்ற விவரம். ஆதார் எண், ஏ.டி.எம். ரகசிய எண் இரண்டையும் எழுதக் கூடாது என்பது கண்டிப்பான விதி. நோட்டு சுவரில் தொங்குகிறது, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள்.

அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு வருகைக்கும் நான்கு வரி. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார். மலம், மூத்திரம் எப்படி. மாத்திரை எத்தனை மீதி. அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை. அவ்வளவுதான். "எப்படி இருக்கீக?" என்று கேட்டால் இந்த வட்டாரத்தில் யாரும் "கஷ்டமா இருக்கு" என்று சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கேம்ப்பா, ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்டீக ஆச்சி?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். வராவிட்டால் அடுப்படியில் நேற்றைய பாத்திரம் சொல்லும்.

மாத்திரைக் கணக்கு இப்படி: 1ஆம் தேதி 30 மாத்திரை கொடுத்திருந்தால், 8ஆம் தேதி காலை மாத்திரை போடுவதற்கு முன் 23 இருக்க வேண்டும். 27 இருந்தால் மறதி. 17 இருந்தால் அதைவிட ஆபத்து, ஒரே மாத்திரை இரண்டு தடவை போகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் இரட்டிப்பாகப் போவது உண்டு, அதற்குக் காரணம் இரண்டு அட்டை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முன்பு தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையும் டப்பாவில் கிடக்கிறது. இரண்டின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருப்பது ரத்தக் கொதிப்புக்கான ஒரே மருந்து, அம்லோடிபின் 5 மில்லிகிராம். வயதானவர் இரண்டையும் போட்டுக்கொள்வார். இரண்டு டாக்டர் கொடுத்ததாயிற்றே! அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும் என்று அந்த மருந்துக் கடை அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் அவர்களாக எதையும் நிறுத்துவதில்லை. இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார்கள். அதுதான் சரியான முறை.

அதே அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். நோட்டில் "கால் வீக்கம்" என்று ஒரு வரி விழுந்தால் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுக்க வழி உண்டு. நீர் பிரியும் மாத்திரையை ராத்திரி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அது ராத்திரி மூன்று தடவை எழுப்பும், இருட்டில் கொல்லைக்கு நடக்க வைக்கும், விழ வைக்கும். காலையில் போட வேண்டிய மாத்திரை அது. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் "சாப்பாடு பிறகு ஆகட்டும்" என்று படுப்பது இன்னொரு விபத்து. வேர்த்துக் கொட்டும், குழறும். அக்கம்பக்கம் தூக்கக் கலக்கம் என்று நினைக்கும்.

ரத்தக் கொதிப்பு பார்ப்பதில் மட்டும் அவசரம் தெரிகிறது. வண்டியை நிறுத்திய கையோடு பட்டையைச் சுற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட்டு, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். காப்பி குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் குறைவாகக் காட்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகக் காட்டும். எழுந்து நின்றபின் ஒருமுறை பார்க்கிற வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் ராத்திரி எழும்போது தலைசுற்றி விழுகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

காப்பி என்றதும் ஒன்று. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது இங்கே யாருக்கும் ஆகாது. இரண்டு பிள்ளைகள் வந்தால் வீட்டில் இருக்கும் கால் லிட்டர் பாலும் அவர்களுக்கே போய்விடும், ஆச்சிக்குச் சாயங்காலம் கடுங்காப்பி. வேண்டாம் என்றாலும் வருத்தம். இப்போது "தண்ணி கொடுங்க ஆச்சி, வெயில்" என்று வாசலிலேயே முந்திக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். கூப்பிடும் முறையையும் வீட்டுக்கு வீடு கேட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்: இங்கே ஆச்சி, அங்கே அப்பத்தா, இன்னொரு வீட்டில் அம்மாச்சி, ஆண்களுக்கு ஐயா. எல்லாரையும் பாட்டி, தாத்தா என்று கூப்பிட்ட ஆரம்ப மாதங்களில் கதவு பாதிதான் திறந்ததாம்.

ஆபீஸ் வேலை

முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மனு இ-சேவை மையத்தில் ஏறி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது. மனு எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பது இவர்கள் வழக்கம். பாதி பேர் ரசீதைத் தொலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

தள்ளுபடி ஆகும் காரணங்களைக் குழு நன்றாகப் படித்திருக்கிறது. ஆதாரில் வயது 57, ஆளுக்கு 66. ரேஷன் அட்டையில் சென்னையில் இருக்கும் மகன் பெயர் இன்னும் இருக்கிறது, எனவே ஆதரவு உண்டு என்று எழுதிவிடுவார்கள். செட்டிநாட்டுக்கே உரிய மூன்றாவது காரணம் வீடு. விசாரணைக்கு வருகிறவர் ரெட்டைக் கதவையும் தேக்குத் தூணையும் பார்க்கிறார். காவலுக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரிடமிருந்து "இவர் காவலுக்கு இருக்கிறார், வீட்டில் இவருக்கு உரிமை இல்லை" என்று ஒரு கடிதம், கூடவே வீட்டு வரி ரசீது நகல். பங்காளி வீடு என்றால் பங்கு எவ்வளவு, வாடகை வருமானம் ஏதும் உண்டா என்று மனுவிலேயே நான்கு வரி. விசாரணை நாளன்று பங்கு அறையையும் அடுப்படியையும் திறந்து காட்டப் பக்கத்தில் ஒருவர். வந்தவருக்கு எரிச்சல் வராமல் இதைச் செய்ய வயதில் மூத்த தன்னார்வலர் வேண்டும். அந்த வேலையை வாத்தியார்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

விரல்ரேகை விழாதது தனிச் சிக்கல். வயதானால் தோல் மெலிந்து வறண்டு போகிறது. சிமென்டில் கல் போட்டவர், பாத்திரம் தேய்த்தவர், ஓலை பின்னியவர் என்றால் ரேகையே தேய்ந்திருக்கும். ரேஷன் கடைக்குக் கிளம்பும் முன் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசையோடு வைத்தால் கண்ணாடி மங்கி அடுத்தவருக்கும் விழாது. பெருவிரல் விழாவிட்டால் மோதிர விரல், நடுவிரல் என்று முயல வேண்டும். கருவிழிப் பதிவு வசதி இருந்தால் அதைக் கேட்க வேண்டும். வரவே முடியாதவருக்கு வேறொருவர் வாங்கித் தர அங்கீகாரப் படிவம் உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கென்று 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் வாசலுக்கே ரேஷன் பொருள் வருகிறது. அந்த நாட்களில் பகலில் வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். இதை முழுதாகப் பயன்படுத்தத் தொடங்கினால் பையிலுள்ள அரிசிக்கு இன்னும் வேலை குறையும்.

பணம் எடுத்துத் தருவதில் இவர்களுடைய விதி இறுக்கமானது, இறுக்கமாகவே இருக்க வேண்டும். தன்னார்வலர் ஏ.டி.எம். அட்டையைத் தொடக் கூடாது. தபால்காரரோ வங்கி முகவரோ விரல்ரேகைக் கருவியோடு வந்தால் பக்கத்தில் இருக்கலாம். "விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று இரண்டாம் முறை கேட்டால், முதல் முறை ஏன் நின்றது என்று திரையைப் பார்க்க வேண்டும். கையில் வந்த தொகையும் பாஸ்புக்கில் விழுந்த தொகையும் ஒன்றா என்று மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். குறுஞ்செய்தி பேரன் போனுக்குப் போகிறதென்றால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் இருந்தும் பார்க்காத வீடுகளில் குழு தயங்குகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். காரைக்குடி வட்டத்துக்கு அது தேவகோட்டைக் கோட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிட முடியும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், ரத்து செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளை மேல் மனுவா என்று பெரியவர்கள் பின்வாங்குவார்கள். தன்னார்வலர் அவர்களை நெருக்குவதில்லை; காலை 8 முதல் இரவு 8 வரை கிடைக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிவைத்து விடுகிறார்கள். தயக்கம் இருந்தாலும் அது சரியான தயக்கம்தான்.

கைப்பிடி

வீட்டு ரிப்பேரில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தப்பாகச் செய்து பார்த்தபின்தான் சரியாகச் செய்யக் கற்றிருக்கிறார்கள். கழிப்பறையில் பிடித்து எழ ஒரு எவர்சில்வர் கைப்பிடி. புது வீடு என்றால் பத்து நிமிட வேலை. பழைய செட்டிநாட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் செங்கல் வைத்துக் கட்டியது, மேலே பல பூச்சு, கடைசியில் பளிங்கு மாதிரித் தேய்த்த பூச்சு. டிரில்லைச் சுத்தி (ஹேமர்) ஓட்டத்தில் வைத்து அழுத்தினால் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும். சுத்தியை நிறுத்திவிட்டு, 4 மில்லிமீட்டர் பிட்டால் மெதுவாக வழி எடுத்து, பிறகுதான் பெரிய பிட். வழக்கமான சின்னப் பிளாஸ்டிக் முளை பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், திருகாணி பிடிக்கிற மாதிரி இருக்கும், பாரம் விழுந்ததும் பூச்சோடு வரும். முளையும் திருகாணியும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் நீளத்தில் வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள காரையில் ஓட்டை விழுந்தால் மாவு மாதிரி உதிரும். இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி போட வேண்டும். துளைத்து முடித்ததும் தூசியை ஊதி எடுக்காமல் முளையை அடித்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாட்டியபின் தன்னார்வலர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். ஆடினால் கழற்றிவிட வேண்டும். ஆடும் கைப்பிடியைவிடக் கைப்பிடி இல்லாமல் இருப்பது மேல். இல்லை என்றால் ஜாக்கிரதையாக எழுவார், இருக்கிறது என்றால் நம்பி இழுப்பார். காவல் இருக்கும் வீட்டில் வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் ஓட்டை போட முடியாது என்பதால், அங்கெல்லாம் நான்கு கால் ரப்பர் பிடியுள்ள கழிப்பறைச் சட்டத்தைத் தரையில் வைத்துவிடுகிறார்கள். எங்கள் கணிப்பில் பாதி வீட்டுக்கு அதுவே போதும்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடலாம். கைத்தடி நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு இருக்க வேண்டும், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். தேய்ந்த புஷ்ஷும் நனைந்த பூக்கல்லும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறியும். நனைந்த இடத்தில் கோணிச்சாக்கு போடும் பழக்கத்தை விடச் சொல்ல வேண்டும். சாக்கும் நகரும், விளிம்பும் காலைத் தடுக்கும். உயரமான நிலைப்படிக்கு முன் பாதி உயரத்தில் ஆடாத ஒரு மரப்படி, விளிம்பில் மஞ்சள் பட்டை. படுக்கையிலிருந்து கொல்லை வரை இரண்டு கட்டு தாண்ட வேண்டிய வீட்டில் அரை வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று இடத்தில். கரண்டு பில்லுக்குப் பயந்து அதையும் அணைத்துவிடுவார்கள். ஒரு விளக்கு ராத்திரி முழுக்க 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது, முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம் என்று கணக்கைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறது

ஆள் மாறுவதுதான் பெரிய குறை. கல்லூரித் தேர்வு வரும் மாதங்களில் வருகை பதினைந்து நாளுக்கு ஒன்றாகிவிடுகிறது. அதே சமயம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு ஒழுகுவதும் சளி பிடிப்பதும் நடக்கும். ஒரு வீட்டுக்கு ஒரே ஒருவர் என்று வைக்காமல் இரண்டு பேராக, ஒருவர் மாணவர் ஒருவர் ஊர்க்காரர் என்று ஜோடி போட்டால் இந்த ஓட்டை அடைபடும். பண விஷயத்தில் சாட்சிக்கும் ஆகும்.

படம் எடுப்பது இன்னொன்று. பை கொடுக்கும்போது எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பங்காளி வீட்டு ஆச்சிகள் சிலர் பை வாங்க மறுத்ததற்கு இதுதான் காரணம். அவர்கள் வீட்டில் ஒருகாலத்தில் ஊருக்கே பந்தி நடந்திருக்கும். கணக்குத்தான் வேண்டுமென்றால் முகம் தெரியாமல் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம். "பயனாளி" என்ற சொல்லையும் அவர்கள் காதுபட யாரும் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டில் வசதியாக இருக்கும் பிள்ளைகள் இதைச் செலவில்லாத ஆள் துணையாக நினைத்துப் பெயர் கொடுப்பதும் நடக்கிறது. இவர்களுக்கு அப்படிப் பார்க்க ஆள்பலம் இல்லை. காசு கொடுக்க முடிந்தவர்கள் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வதே முறை.

பெயர் சேர்க்க விரும்புகிறவர் சொல்ல வேண்டியது மூன்றுதான்: பெரியவர் எந்தத் தெருவில் எந்த வீட்டின் எந்தக் கட்டில் இருக்கிறார், கதவைத் தட்டினால் கேட்குமா, பகலில் எப்போது விழித்திருப்பார். மற்றதையெல்லாம் முதல் வருகையில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெரியவருக்குத் தெரியாமல் பெயர் கொடுக்கக் கூடாது, வாசலில் நின்று "யார் அனுப்பிச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைசியாக நோட்டை மாட்டும் விதம். ஆணியில் சணலால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், தொலையக் கூடாது என்று. 108 வண்டி வந்து நிற்கும்போது அந்த முடிச்சு அவிழாது, நோட்டு சுவரிலேயே தங்கிவிடும், ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை என்று கேட்டால் "வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு" என்றுதான் பதில் வரும். கொக்கியில் மாட்டினால் போதும், கூடவே அதே கொக்கியில் மாத்திரைப் பையும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தக் கொக்கியைக் காட்டி, "வண்டி வந்தா இதை ரெண்டையும் எடுத்துக் கையில குடுத்துடுங்கண்ணே" என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.